படம் முழுக்கப் புள்ளி ஆடுகிறது: டிஸ்க் பழுதா, பழைய இத்தாலியப் படங்களே இப்படித்தானா?

சாட்ஸ்வர்த்_ரசிகன்:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். பழைய இத்தாலியத் துப்பறியும் படங்கள் என்றால் எனக்கு உயிர். அங்கே அவற்றை ஜாலோ என்பார்கள். ஜாலோ என்றால் மஞ்சள். மொண்டதோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்கள் போட்டது, அதிலிருந்து வந்த பெயர்.

இப்போது என் பிரச்சினை. தாரியோ அர்ஜெந்தோவின் 'டீப் ரெட்' (1975) என்னிடம் முன்பு டிவிடியாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. போன மாதம் 4கே-யில் புதுப்பித்த ப்ளூ-ரேயை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். போட்டுப் பார்த்தால் சுவர், வானம், முகம், எங்கே பார்த்தாலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஆடுகின்றன. டிவிடியில் இப்படி இல்லை, வழவழவென்று இருந்தது. அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு காசு? பழசே நல்லா இருந்துச்சே" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு மனசே சரியில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. டிவிடி 121 நிமிடம் ஓடும், புதியது 126 நிமிடம். கூடுதலாக வந்த ஐந்து நிமிடக் காட்சி எது என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினேன், அகப்படவில்லை. ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தால் நடுநடுவே எல்லோரும் திடீரென்று இத்தாலியன் பேசுகிறார்கள். டிஸ்க்கைத் திருப்பி அனுப்பவா?

உம்லாங்கா_வாசி:

தம்பி, திருப்பி அனுப்பாதீர்கள். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை.

கல்யாணமாகி டர்பன் வருவதற்கு முன் சென்னையில் ஏழு வருடம் நான் பார்த்த வேலையே இதுதான். வெளிநாட்டுப் படச்சுருள்களை ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் அனுப்புவார்கள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து, ஃப்ரேம் ஃப்ரேமாகத் தூசி, முடி, கீறல் எல்லாம் துடைப்போம். உங்கள் படம் 126 நிமிடம் என்றால், நொடிக்கு 24 வீதம் 1,81,440 ஃப்ரேம்.

நீங்கள் பார்க்கும் அந்தப் பொடிக்குப் பெயர் கிரெய்ன். அது படத்தின் மேல் விழுந்த அழுக்கு இல்லை, அந்தப் பொடிதான் படம். பிலிமில் வெளிச்சம் பட்ட வெள்ளி உப்புத் துகள்கள் இருந்த இடத்தில் சாயம் பிடித்து உருவம் உண்டாகிறது. முகம், சுவர், ரத்தம் எல்லாமே அந்தத் துகளால் கட்டியவை. டிவிடியில் 576 வரிதான், அவ்வளவு நுணுக்கமான துகள் அதில் நிற்காது. அதனால்தான் வழவழப்பு.

இத்தாலியப் படங்களில் துகள் இன்னும் பெரிதாகத் தெரிய ஒரு காரணம் உண்டு. சாதாரண 35 மி.மீ. படத்தில் ஒரு ஃப்ரேமுக்கு ஓரத்தில் நான்கு துளை. டெக்னிகலர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை 1960 வாக்கில் டெக்னிஸ்கோப் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது, அதில் இரண்டே துளை. அகலத்திரைப் படத்துக்குப் பாதி பிலிம் போதும். 1,000 அடி ரோல் சாதாரணமாக 11 நிமிடம் ஓடும், இதில் 22 நிமிடம். காசு குறைவாக வைத்துக்கொண்டு படம் எடுத்தவர்களுக்கு இது பெரிய வரம். 'டீப் ரெட்'டும் இந்த முறையில் எடுத்ததுதான். ஆனால் ஃப்ரேம் பாதியானால் அதே துகள் திரையில் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். கூடவே ஒரு தலைவலி: ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இடமே கிடையாது. எடிட்டர் வெட்டி ஒட்டிய பசைக்கோடு படத்துக்குள்ளேயே தெரியும், ஒவ்வொரு வெட்டிலும் படம் ஒரு குதி குதிக்கும். அதையெல்லாம் கையால்தான் சரிசெய்ய வேண்டும். உங்கள் டிஸ்க்கில் அந்தக் குதிப்பு தெரியவில்லை என்றால், யாரோ பல வாரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

துகளை அழிக்க மென்பொருள் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், முகமெல்லாம் மெழுகு பொம்மை போல ஆகிவிடும். கன்னத்து ரோமம், கம்பளிக் கோட்டின் நெசவு, கருப்புத் தோல் கையுறையின் தையல் எல்லாம் போய்விடும். கொலைகாரனின் கையுறை இல்லாமல் ஜாலோ ஏது?

தூசி துடைக்கும் மென்பொருள் இதைவிட ஆபத்தானது. ஒரே ஒரு ஃப்ரேமில் மட்டும் வந்து, முந்தின ஃப்ரேமிலும் அடுத்த ஃப்ரேமிலும் இல்லாதது எதுவானாலும் அது தூசி என்று முடிவு செய்துவிடும். யோசித்துப் பாருங்கள், ஒரு ஃப்ரேமில் மட்டும் வருவது வேறு என்னென்ன? மழைத்துளி, நெருப்புப் பொறி, கத்தி திரும்பும்போது அடிக்கும் மின்னல். என் கைக்கு ஒரு இத்தாலியப் படம் வந்தது, பெயர் சொல்ல ஒப்பந்தம் விடாது. ஒரு பெண் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழும் காட்சி. முதல் சுற்று மென்பொருளில் போய் வந்தபோது கண்ணாடிச் சில்லுகளில் பாதியைக் காணோம். அவள் காற்றில் விழுவது போல இருந்தது. மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பது ஃப்ரேமில் சில்லு சில்லாகத் திரும்ப வைத்தேன், மூன்று ராத்திரி ஆனது. அந்த வேலையில் நான் சேர்த்தது ஒன்றுமே இல்லை, இருந்ததை இருந்த இடத்தில் வைத்தேன். இன்றைக்கும் எனக்கு அதில்தான் பெருமை.

நிமிடக் கணக்குக்கு வருகிறேன். கூடுதல் காட்சி எதுவும் இல்லை, தேடுவதை விடுங்கள். நம் ஊர் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25 ஃப்ரேம். 24-இல் எடுத்த படத்தை 25-இல் ஓட்டித்தான் பால் டிவிடி செய்தார்கள். 126-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள், 121 வரும். பாட்டின் சுருதியும் கொஞ்சம் ஏறியிருந்திருக்கும். கோப்ளின் குழுவின் இசையை இப்போதுதான் சரியான சுருதியில் கேட்கிறீர்கள்.

மொழி மாறுவதும் பழுதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஆங்கிலப் பதிப்பை ஏறக்குறைய 105 நிமிடமாக வெட்டினார்கள். வெட்டுப்பட்ட காட்சிகளுக்கு ஆங்கில ஒலி கிடையாது, அந்த இடங்களில் இத்தாலியனும் சப்டைட்டிலும் வரும். உதடு பொருந்தவில்லை என்றும் கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்து இத்தாலியில் படப்பிடிப்பில் அவரவர் மொழியில் பேசுவார்கள், எல்லாக் குரலும் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தது. இத்தாலியனில் பார்த்தாலும் சிலருக்கு உதடு ஒட்டாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது டிவியில்தான் இருக்கிறது. ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், நாய்ஸ் ரிடக்‌ஷனை அணையுங்கள், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணையுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அது ஒன்றே போதும். ஷார்ப்னஸ் ஏறியிருந்தால் துகளுக்கெல்லாம் கரை கட்டி, எறும்பு ஊர்வது போலத் தெரியும். உங்கள் அம்மா பார்த்தது அதுவாகத்தான் இருக்கும்.

கிரே_ஸ்ட்ரீட்_ஆபரேட்டர்:

உம்லாங்கா அம்மா எழுதியதை என் பேத்தி வாசித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு தியேட்டரில் 1971-இல் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். இன்றைக்கு அந்தத் தெருவுக்கு டாக்டர் யூசுஃப் தாது பெயர். அவலான், ஷா ஜஹான், ராஜ் என்று இந்தியர்கள் போகிற தியேட்டர்கள் எல்லாம் அந்த வட்டாரத்தில்தான். நம் நாட்டில் டிவியே 1976 ஜனவரியில்தான் வந்தது, அதுவரை சினிமாதான் எல்லாம். சனிக்கிழமை தமிழ்ப் படமோ இந்திப் படமோ ஓடும், வார நடுவில் இத்தாலியப் படம் ஆங்கிலத்தில் வரும். வெள்ளைக்காரர் தியேட்டர்களில் ஓடி முடிந்த பிரிண்ட்தான் எங்கள் கைக்கு வரும். பெட்டியைத் திறந்தால் பச்சைக் கீறல் நெடுக ஓடியிருக்கும். தணிக்கைக்காரர்கள் வெட்டிய இடத்தில் ஒட்டு, அறுந்த இடத்தில் இன்னொரு ஒட்டு. துளை கிழிந்த இடத்தை ராத்திரி உட்கார்ந்து நான் சரிசெய்வேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு பொடி நான் திரையில் பார்த்ததில்லை. நிறத்திலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பேரன் வீட்டில் போட்ட ஒரு பழைய படத்தில் எல்லாம் மஞ்சள் பூத்து இருந்தது. ராத்திரிக் காட்சி ஒன்றில் வெயில் அடித்தது, நிழல்கூட விழுந்தது. அதை யார் பார்த்து முடிவு செய்கிறார்கள்? ரீல் மாற்றுகிற குறியையும் காணோம். வலது மேல் மூலையில் வரும். முதல் குறி வந்ததும் அடுத்த புரொஜெக்டரின் மோட்டாரை ஓட்ட வேண்டும், ஏழு எட்டு நொடியில் இரண்டாவது குறி, அதில் மாற்ற வேண்டும். அதையும் தூசி என்று துடைத்துவிட்டீர்களா?

ரோஸ்ஹில்_வாசகி:

மொரீஷியஸிலிருந்து ஒரு சின்னத் தகவல். எங்கள் ஊரில் இந்தப் படத்துக்குப் பெயரே வேறு, பிரெஞ்சில் 'லே ஃப்ரிஸோன் த லாங்வாஸ்'. நாங்கள் வீட்டில் கிரியோலும் கோயிலில் தமிழும் பேசுகிறவர்கள், சினிமா மட்டும் பிரெஞ்சில். என் மாமா பிரெஞ்சுக் குரலில் பார்த்துப் பார்த்து, கதாநாயகனுக்கு வேறு குரல் இருக்கும் என்றே நம்ப மறுக்கிறார். அவருக்காக பிரெஞ்சுப் பதிப்பு தேடுகிறேன்.

வாங்குகிறவர்கள் மண்டலக் குறியைப் பார்த்து வாங்குங்கள். எங்களுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ரீயூனியனுக்கும் ப்ளூ-ரே மண்டலம் பி, ஐரோப்பிய டிஸ்க் ஓடும். அமெரிக்க டிஸ்க் மண்டலம் ஏ என்றால் நம் பிளேயர் எடுக்காது. இந்தியாவிலிருந்து வாங்கி வந்தது சி. 4கே யூஎச்டி டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

உம்லாங்கா_வாசி:

ஆபரேட்டர் ஐயா, கோபமா! உங்களைப் போன்றவர்கள் ஒட்டிக் காப்பாற்றிய பிரிண்ட்டுகள் எத்தனையோ முறை எங்களுக்கு உதவியிருக்கின்றன.

பொடியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து பிரிண்ட் என்று கைமாறும்போது நுணுக்கம் குறைந்து எல்லாம் மழுங்கும். இப்போது ஸ்கேன் செய்வது கேமராவுக்குள் ஓடிய மூல நெகட்டிவை. அன்றைக்கு எந்த ரசிகனும் பார்க்காத அளவு நுணுக்கம் அதில் இருக்கிறது. இது நியாயமா என்று எங்கள் ஆட்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. நான் நெகட்டிவ் பக்கம்தான்.

ரீல் குறியை யாரும் அழிக்கவில்லை ஐயா. அது பெரும்பாலும் பிரிண்ட்டிலோ, பிரிண்ட் போடும் இரண்டாம் நெகட்டிவிலோதான் இருக்கும், மூல நெகட்டிவில் இருக்காது. டிஸ்க்கில் அந்தக் குறி தெரிந்தால், மூலம் கிடைக்காமல் நகலிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

நிறத்தில் உங்கள் சந்தேகம் எனக்கும் உண்டு. நெகட்டிவைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது. சாதாரண ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட் என்றால் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி எல்லாம் ரோஜா நிறமாகிவிடும். ரோமில் டெக்னிகலர் எழுபதுகளின் பிற்பகுதி வரை சாயத்தை அச்சடித்துப் பிரிண்ட் போட்டது. அந்த மாதிரி ஒரு பிரிண்ட் கிடைத்தால் ஐம்பது வருடம் கழித்தும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும், அதைப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு நிறம் சேர்ப்பதுதான் நல்ல வழி. ஒளிப்பதிவாளர் உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டி வந்து உட்கார வைப்பார்கள். 'சஸ்பீரியா' (1977) புதுப்பித்தபோது லூச்சானோ தோவோலி அப்படி வந்தார். இரண்டும் இல்லாமல் இந்தக் காலத்து ரசனைக்கு நிறம் ஏற்றினால் உங்கள் பேரன் வீட்டில் பார்த்த கதிதான். வெள்ளைச் சட்டையும் பல்லும் பளிங்குத் தரையும் மஞ்சளாக இருந்தால் எனக்கு வயிறு எரியும். இரவுக் காட்சியும் அப்படித்தான். பகலில் எடுத்துவிட்டு பிரிண்ட் போடும்போது இருட்டாக்குவது அந்தக் காலத்து வழக்கம். அது தெரியாதவர் நெகட்டிவில் இருக்கிறபடியே விட்டுவிட்டால் வெயில் அடிக்கத்தான் செய்யும்.

சாட்ஸ்வர்த்_ரசிகன்:

அக்கா, ஷார்ப்னஸ் 50-இல் இருந்தது. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன், மற்றதையும் அணைத்தேன். புள்ளி இருக்கிறது, ஆனால் ஆடவில்லை. படம் மூச்சு விடுவது போல இருக்கிறது.

படத்தின் தொடக்கத்தில் ஒரு நீண்ட நடைபாதை வருமே, சுவர் நிறைய ஓவியங்கள்? கதாநாயகன் அங்கே எதையோ பார்த்துவிட்டு, என்ன பார்த்தோம் என்று கடைசிவரை தேடுவான். பார்க்காதவர்களுக்காக அதற்கு மேல் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். இரண்டு நொடிகூட வராது, ஆனால் அது அங்கேயே இருக்கிறது, தெளிவாக. அப்புறம் டிவிடியைப் போட்டு அதே இடத்தில் நிறுத்தினேன், ஒரு சாம்பல் தீற்றல்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முதல்லயிருந்து போடு" என்றார்.

ஆபரேட்டர் தாத்தா, நீங்கள் டர்பனில்தானே இருக்கிறீர்கள்? வரும் ஞாயிறு மத்தியானம் வீட்டில் பார்க்கப்போகிறோம். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.

கிரே_ஸ்ட்ரீட்_ஆபரேட்டர்:

வருகிறோம். 126 நிமிடம் என்றால் 2,000 அடி ரீலில் ஆறு ரீல். எங்கெங்கே ரீல் மாறும் என்று நான் சொல்கிறேன், நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொள்.