மறு: ஹீமக்ளூட்டினின் – குருதித்திரட்டியா, ஒட்டுமுள்ளா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஃப்ளூ வைரஸின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு வாரமாக நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 'குருதித்திரட்டி'க்கு ஆதரவு அதிகம் என்று தெரிகிறது. மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் குறையே இல்லை. கிரேக்க ஹைமா குருதி, லத்தீன் அக்ளூட்டினாரே பசைபோட்டு ஒட்டுவது. (நம் மொழியை ஒட்டுநிலை மொழி என்கிறோமே, அதுவும் இதே லத்தீன் வேரிலிருந்து வந்த பெயர்தான்.) என் சிக்கல் என்னவென்றால், மூலப்பெயரே அந்தப் புரதத்தின் வேலையைச் சொல்லவில்லை.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆய்வக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பத்து வயதுப் பிள்ளையும் வரும், அறுபது வயது அக்காவும் வருவார். வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள். போன வாரம் பலகையில் 'குருதித்திரட்டி' என்று எழுதி, குருதி என்றால் ரத்தம் என்று விளக்கினேன். அந்த அக்கா கேட்டார்: "அப்போ ஃப்ளூ வந்தா ரத்தம் கட்டிக்குமா, அண்ணா?"

நியாயமான கேள்வி. கட்டாது. உறைதல் வேறு, திரளுதல் வேறு. அந்தத் திரளுதலும் நோயாளியின் உடம்பில் நாம் பார்த்த சங்கதி அல்ல, ஆய்வகத்தில் பார்த்தது. 1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் வைரஸ் வளர்த்த கோழிக்கருவிலிருந்து நீரை எடுத்தபோது, கிழிந்த நாளத்து ரத்தம் அதில் கலந்து கொத்துக்கொத்தாகத் திரண்டது. பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தச் சோதனையைப் பல வருடம் என் கையால் செய்திருக்கிறேன். குழிகள் உள்ள தட்டில் கோழி ரத்தச் சிவப்பணுக்களை விட்டால், அவை அடியில் இறங்கிக் குங்குமப் பொட்டுப் போல உட்காரும். வைரஸ் சேர்த்தால் பொட்டு விழாது. அணுக்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகப் பரவி நிற்கும். முதலில் நோயாளியின் ஊனீரை (ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிநீர், சீரம்) வைரஸோடு சேர்த்துவிட்டு அப்புறம் அணுக்களை விட்டால், ஊனீரில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி) இருக்கும் குழிகளில் மறுபடி பொட்டு விழும். எதிர்ப்பொருள் வைரஸின் ஒட்டும் இடத்தை மறைத்துவிடுகிறது. ஊனீரை 10 மடங்கு, 20, 40, 80 என்று நீர்த்துக்கொண்டே போய், எதுவரை பொட்டு விழுகிறது என்று பார்ப்போம். 40 வரை விழுந்தால் அந்த அளவுக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது வழக்கமான கணக்கு. இந்தச் சோதனைக்கு 'திரட்சித் தடைச் சோதனை' என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். அங்கே திரட்சிதான் விஷயம்.

புரதத்துக்கு வருவோம். 1990களிலிருந்து எச்3என்2 வகை ஃப்ளூ வைரஸ்கள் பல கோழி ரத்தத்தைச் சரியாகத் திரட்டுவதே இல்லை. ஆய்வகங்கள் வான்கோழி, கினிப்பன்றி ரத்தத்துக்குப் போய்விட்டன. திரட்டாத திரட்டி! போதாக்குறைக்கு, தட்டம்மை வைரஸுக்கும் ஹீமக்ளூட்டினின் உண்டு, சிவப்பு ராஜ்மாவிலும் உண்டு. (ராஜ்மாவை நன்றாகக் கொதிக்க வைக்கச் சொல்வது இதனால்தான்.) ஆகவே 'குருதித்திரட்டி'யைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. இந்தக் கூட்டத்துக்கே பொதுப்பெயராக அது இருக்கலாம்.

ஃப்ளூ வைரஸில் இந்தப் புரதம் செய்வது இரண்டு வேலை. நம் செல்லின் மேலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கிறது. செல் வைரஸை உள்ளே இழுத்ததும், அங்குள்ள அமிலச் சூழலில் வடிவம் மாறி வைரஸின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒன்றாக ஒட்டுகிறது. இரண்டும் ஒட்டு வேலைதான்.

இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், "பிளாக்ஜாக் மாதிரியா?" என்றான். இங்கே காலி மனையில் நடந்துவந்தால் காலுறை முழுக்கக் குத்திக்கொண்டு வரும் களை விதை அது. நம் ஊர் ஒட்டுப்புல் போல, ஆனால் முள்ளோடு. ஒட்டுமுள் என்று பலகையில் எழுதினேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

அடுத்த சொல் தானாக வந்தது. புதிய வைரஸ்கள் வெளியேறும்போது அதே சயாலிக் அமிலத்தை வெட்டி விடுவிப்பது நியூராமினிடேஸ் என்ற இன்னொரு ஃப்ளூ புரதம். அதை வெட்டுமுள் என்றோம். ஒட்டுமுள் ஒட்டும், வெட்டுமுள் வெட்டும். ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ் என்று மாற்றி மாற்றிக் குழம்பியவர்கள் இதில் குழம்பவில்லை.

ஒட்டுமுள்ளின் நுனி உருண்டையாயிற்றே, முள் எப்படி என்று கேட்பீர்கள். உண்மைதான். குண்டூசி மாதிரி தலையும் தண்டும் உண்டு. நம் எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் தலையைத்தான் பிடிக்கின்றன. அதே தலைதான் அடிக்கடி மாறுகிறது, தண்டு அவ்வளவாக மாறுவதில்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் உலகச் சுகாதார நிறுவனம் பூமியின் தென்பாதிக்கான தடுப்பூசியில் எந்தத் திரிபுகளைச் சேர்ப்பது என்று சொல்வதும் இந்தத் தலைமாற்றத்தால்தான். ஆகவே ஒட்டுமுள் தலை, ஒட்டுமுள் தண்டு என்று பிரித்துச் சொன்னால் போதும்.

கடைசிச் சிக்கல் வைரஸ் வகைப் பெயர்களில் வரும் அந்த எச் எழுத்து. எச் என்பது ஹீமக்ளூட்டினின், என் என்பது நியூராமினிடேஸ், பக்கத்து எண் அதன் வகை. தமிழில் 'ஒ5' என்றெல்லாம் மாற்ற வேண்டாம். 1961இல் எங்கள் கேப் கடற்கரையில் ஆலாப் பறவைகள் கும்பலாகச் செத்தபோது கிடைத்தது எச்5என்3, காட்டுப் பறவையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஃப்ளூ வைரஸ் அதுதான். 2023இல் எச்7என்6 கோழிப்பண்ணைகளைக் காலி செய்து, முட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. இந்தப் பெயர்கள் செய்தியில் வந்தபடியே எல்லோர் மனதிலும் இருக்கின்றன. 'எச்7 வகை ஒட்டுமுள்' என்று எழுதிவிடலாம்.

இலக்கணம் தெரிந்த ஐயாக்களிடம் ஒன்று: பன்மைக்கு ஒட்டுமுட்கள் என்றால் என் வகுப்பு முட்டை என்று படிக்கிறது. ஒட்டுமுள்கள் என்று எழுதினால் திட்டுவீர்களா?

டர்பனிலிருந்து,
சனிக்கிழமை வாத்தியார்