புதுப்பிப்பு: ‘அண்டர்பின்னிங்’ வெறும் அஸ்திவாரம் அல்ல

இந்த இழையின் முதல் பதிவில் ‘அண்டர்பின்னிங்’ (underpinning) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘அஸ்திவாரம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். அது பாதிதான் சரி.

புதுக் கட்டடத்துக்குப் போடுவது ‘ஃபவுண்டேஷன்’. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டி, கூடுதல் ஆழத்துக்குத் தாங்கல் கொடுப்பதுதான் ‘அண்டர்பின்னிங்’. சுவருக்கு அடியில் சுமார் 1 மீட்டர் அகலக் குழிகளாக, அடுத்தடுத்து இல்லாமல் இடைவிட்டுத் தோண்டி கான்கிரீட் நிரப்புவார்கள். பழைய அடித்தளத்துக்கும் புதுக் கான்கிரீட்டுக்கும் இடையில் 50–75 மி.மீ. இடைவெளி விட்டு, கான்கிரீட் இறுகிய பின் அதிகம் நீர் சேர்க்காத 1:3 சிமென்ட்–மணல் கலவையைத் திணிப்பார்கள். ஈரக் கலவை என்றால் காயும்போது சுருங்கும், சுவர் இறங்கும். பக்கத்துப் பக்கத்துக் குழிகளை ஒரே நேரத்தில் தோண்டினாலும் விரிசல்தான்.

கட்டடத்தை விட்டு கருத்துலகில் இந்தச் சொல் பெரும்பாலும் பன்மையில் வரும்: ‘தியரிட்டிக்கல் அண்டர்பின்னிங்ஸ்’, அதாவது ஒரு வாதத்தைக் கீழிருந்து தாங்கும் கோட்பாடுகள். வினையாக ‘அண்டர்பின்’ நேராகச் செயப்படுபொருளை ஏற்கும். நடுவில் ‘ஆன்’ (on) வராது. தமிழில் பெயருக்கு ‘அடிப்படைகள்’, வினைக்கு ‘தாங்கி நிற்கிறது’ பொருந்தும். ‘முட்டுக்கொடுத்தல்’ வேண்டாம், அது தற்காலிகத் தாங்கல்.