ஹெபடைடிஸ் சி மாத்திரையால் பக்கவாதம் வருமா? வார்ஃபரின் எடுப்பவருக்கு எதைக் கவனிக்கணும்?

மருந்துச்சீட்டு என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

வணக்கம். மருந்துக் கடைக்கு வந்த சீட்டு இது. வயது 64, ஆண். ஹெபடைடிஸ் சி, கல்லீரல் சுருக்கம் உண்டு, ஆனால் வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை எதுவும் இல்லை. சோஃபோஸ்புவிர் 400 மி.கி. + வெல்பட்டாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 12 வாரம். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனுக்கு (இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவது) வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து), கடைசி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) 2.4. கூடவே கொழுப்புக்கு ரோசுவாஸ்டாடின் 20, வயிற்று அமிலத்தைக் குறைக்கப் பான்டோப்ரசோல் 40, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் + கிளிமிபிரைடு.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் பக்கவிளைவுப் பதிவில் சோஃபோஸ்புவிர் பெயருக்கு நேராகப் பக்கவாதம் என்று இருப்பதை வீட்டார் பார்த்துவிட்டார்கள். மாத்திரையை ஆரம்பிக்கவே தயங்குகிறார்கள். அந்தப் பதிவுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்? இந்தச் சீட்டில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

ஈரல்குலை பதில்:

அந்தப் பதிவு 'இந்த மருந்து எடுத்தவருக்கு இப்படி நடந்தது' என்று மட்டும்தான் சொல்லும். மருந்தால்தான் நடந்தது என்று சொல்லாது. மொத்தம் எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற கணக்கும் அதில் இல்லை, அதனால் விகிதம் போட முடியாது. ஒரே சம்பவத்தை மருத்துவரும் கம்பெனியும் தனித்தனியே அனுப்பி இரண்டாகப் பதிவாவதும் உண்டு.

சோஃபோஸ்புவிர் விஷயத்தில் இன்னொரு சிக்கல். 2013 டிசம்பரில் அனுமதி கிடைத்தபோது முதல் வகை வைரஸுக்கு அதைத் தனியாகக் கொடுக்கவில்லை. பெக் இன்டர்ஃபெரான் ஊசி, ரிபாவிரின் இரண்டும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அப்போது ஏதாவது நடந்தால் மூன்று மருந்தின் பெயரும் அறிக்கையில் ஏறும். இன்டர்ஃபெரானுக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பு மருந்துக் குறிப்பிலேயே அச்சாகியிருக்கிறது: ரத்தக்குழாய் அடைத்தும் வெடித்தும் பக்கவாதம் வந்திருக்கிறது, 45 வயதுக்குக் கீழே, வேறு ஆபத்துக் காரணி எதுவும் பெரிதாக இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது என்று. ரிபாவிரின் சிவப்பணுவை உடைத்து ஹீமோகுளோபினை இறக்கும், இதயநோய் இருந்தால் அது மோசமாகும். ஆக, பழைய அறிக்கையைப் படிக்கும்போது கூடப் போன மருந்து என்ன என்று பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இந்த நோய் அதிகம் இருந்தது 1945 முதல் 1965 வரை பிறந்தவர்களிடம். மாத்திரை வந்தபோது பலருக்கும் ஐம்பது, அறுபது வயது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாம் கூடவே. மாத்திரை இல்லாமலும் பக்கவாதம் வரக்கூடிய கூட்டம் அது. இதற்கு மேல், ஹெபடைடிஸ் சி வைரஸே உள்ளுக்குள் நீண்டகால அழற்சியை வைத்திருந்து கழுத்து ரத்தக்குழாயில் படிவு ஏற்படக் காரணமாகலாம். பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போட்டால் அந்த ஆபத்து அப்படியேதான் இருக்கும்.

இவருக்கு இன்டர்ஃபெரான் இல்லை, ரிபாவிரினும் இல்லை. என் கவலையெல்லாம் வார்ஃபரின் மேல்தான்.

சீட்டுசரிபார்ப்பு பதில்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். வார்ஃபரின் கதை இதுதான்: ரத்தம் உறைவதற்கான 2, 7, 9, 10 எண் காரணிகளைத் தயாரிப்பது கல்லீரல். வைரஸ் இறங்க இறங்கக் கல்லீரல் தேறும், காரணிகள் கூடுதலாக உற்பத்தியாகும். வார்ஃபரின் அளவு மாறாமல் இருந்தாலும் ஐஎன்ஆர் சரியக்கூடும். 2.4 சத்தமில்லாமல் 1.5க்கு வந்துவிட்டால் இதயத்தில் ரத்தம் கட்டியாக உறைந்து மூளைக்குப் போக வழி திறந்துவிடும். வீட்டார் அதை மாத்திரையின் பக்கவிளைவு என்றுதான் நினைப்பார்கள்.

தொடங்கும் முன் ஒரு ஐஎன்ஆர், பிறகு வாரம் ஒன்று, நிலையான பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளி. 12 வாரம் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள், அதன் பிறகும் சில வாரம் பார்க்கணும். 'வார்ஃபரின் வேண்டாம், டாபிகாட்ரான் மாற்றிக்கொள்ளலாமே' என்று யாராவது சொன்னால் (அதுவும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துதான்) யோசிக்கணும்: வெல்பட்டாஸ்விர் டாபிகாட்ரானின் ரத்த அளவை உயர்த்தக்கூடும், அது ரத்தக்கசிவுப் பக்கம் இழுக்கும்.

ரோசுவாஸ்டாடின் 20 கூடாது. வெல்பட்டாஸ்விரோடு அதன் அளவு ரத்தத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் ஏறும், தசை சேதமாகும் ஆபத்து கூடும். உச்சவரம்பு 10 மி.கி. எழுதிக் கொடுத்தவரிடம் பேசிக் குறைக்கச் சொல்லுங்கள். பலர் ஸ்டாடினையே (ரோசுவாஸ்டாடின் வகை மருந்து) மூன்று மாதம் நிறுத்திவிடுகிறார்கள், பிறகு மறுபடி ஆரம்பிக்க யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ரத்தக்குழாய் ஆபத்து உள்ளவருக்கு இது நல்லதல்ல.

பான்டோப்ரசோல்: வெல்பட்டாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். முடிந்தால் நிறுத்தலாம். முடியாவிட்டால் வைரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு முதலில் கொடுத்து, 4 மணி நேரம் கழித்து இதைக் கொடுக்கணும். ஒமெப்ரசோல் 20க்குச் சமமான அளவைத் தாண்டக்கூடாது; பான்டோப்ரசோல் 40 சரியா என்று மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள்.

கிளிமிபிரைடு: வைரஸ் போகப் போகச் சர்க்கரையும் குறையலாம். இந்த மாத்திரையின் அளவு பழையபடியே இருந்தால் தாழ்சர்க்கரை வரலாம். தாழ்சர்க்கரையில் சிலருக்குப் பேச்சுக் குழறி, ஒரு பக்கக் கை கால் தளர்ந்து, பார்க்க அச்சு அசல் பக்கவாதம் மாதிரியே இருக்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் கட்டாயம்.

மருந்துச்சீட்டு:

இருவருக்கும் நன்றி. பழைய சீட்டில் அமியோடரோன் 200 (இதயத் துடிப்பைச் சீராக்கும் மருந்து) இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்பு நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் பிரச்சினை இல்லைதானே?

ஈரல்குலை பதில்:

பிரச்சினை இருக்கிறது. அமியோடரோன் கொழுப்பில் தங்கிக்கொண்டு உடலை விட்டுப் போக வாரங்கள், மாதங்கள் எடுக்கும். மூன்று வாரம் என்பது நிறுத்தாத மாதிரிதான். 2015 மார்ச்சில் எஃப்டிஏ எச்சரித்தது இந்தச் சேர்க்கையைப் பற்றித்தான்: சோஃபோஸ்புவிரோடு அமியோடரோன் சேர்ந்து இதயத் துடிப்பு அபாயமாகக் குறைந்த 9 பேர், அதில் ஒருவர் இறந்தார், மூவருக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது. தலைசுற்றல், மயக்கம், குழப்பம் என்று வருவதால் வீட்டில் பக்கவாதம் என்றே நினைப்பார்கள். சமீபத்தில் நிறுத்தியவருக்கும் கண்காணிப்பு ஒன்றுதான்: முதல் 48 மணி நேரம் மருத்துவமனையில் இதயத் துடிப்பு மானிட்டரில், பிறகு குறைந்தது 2 வாரம் தினமும் நாடி எண்ணிக் குறித்து வைக்கணும். இதய மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் முதல் மாத்திரை போகக்கூடாது.

இன்னொரு விஷயம். அமியோடரோன் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி வைத்திருக்கும். அது கரைந்து போகப் போக ஐஎன்ஆர் இறங்கும். கல்லீரல் தேறுவதாலும் இறங்கும். இரண்டும் ஒரே மாதங்களில் சேருகிறது. இந்த நோயாளிக்கு வாரம் ஒரு ஐஎன்ஆர் என்பதில் சமரசமே கூடாது.

நரம்புமுனை பதில்:

வீட்டாருக்கு எழுதிக் கொடுக்க: வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே 108க்கு அழைக்கணும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறிக்கணும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. ஐஎன்ஆர் 1.7க்கு மேல் இருந்தால் அந்த ஊசி போட மாட்டார்கள், அதனால் கடைசி ஐஎன்ஆர் சீட்டும் மருந்துப் பட்டியலும் கையோடு போகணும்.

பட்டியலின் மேலே பெரிய எழுத்தில் 'ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் கூடாது' என்று எழுதுங்கள்; இரண்டும் வலிப்பு மருந்துகள். பக்கவாதத்தோடு வலிப்பு வந்தால் அவசரப் பிரிவில் ஃபெனிட்டாயின் போடுவது வழக்கம். அது சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் இரண்டின் அளவையும் இறக்கி, வைரஸ் சிகிச்சையைத் தோற்கடித்துவிடும். வலிப்புக்கு அதற்குப் பதில் லெவெடிராசெட்டாம் கொடுக்கலாம்.

ஒருவேளை ஏதாவது நடந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற எண்ணில் தெரிவியுங்கள். மாத்திரை தொடங்கிய தேதி, பேட்ச் எண், அன்றைய ஐஎன்ஆர், சர்க்கரை, கூட எடுத்த எல்லா மருந்தும் அதில் இருக்கட்டும்.