பேட்ச், பிளகின், ரிவியூ: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு அனுபவம் சொல்லுங்கள்

அரைப்புள்ளி:
நானே ஆரம்பிக்கிறேன். இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் கோருக்கு, அதாவது மைய நிரலுக்கு, நான் அனுப்பிய முதல் பேட்ச் (திருத்தம்) இரண்டே வரி. ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு), மதிப்பு எதுவும் இல்லாதபோது ஃபால்ஸ் (பொய்) என்று திருப்பிக் கொடுத்தது. அதே கோப்பில் இருந்த மற்றவை எல்லாம் வெற்று ஸ்ட்ரிங் (எழுத்தே இல்லாத உரை) கொடுத்தன, அதனால் இதையும் அப்படியே மாற்றிவிட்டேன். டெஸ்ட் (மாற்றம் சரியா என்று தானாகச் சோதிக்கும் நிரல்) எழுதவில்லை. இதில் டெஸ்ட் பண்ண என்ன இருக்கிறது என்று நினைத்தேன். 11 நாள் கழித்து அதற்கான டிக்கெட்டில் (பிழையைப் பதிவு செய்து பேசும் பக்கத்தில்) ஒரே ஒரு கேள்வி வந்தது: "மூன்று சமக்குறி போட்டு ஃபால்ஸ்தானா என்று பார்க்கும் பிளகின்கள் என்ன ஆகும்?"

பிளகின் என்றால் வேர்ட்பிரஸோடு சேர்க்கும் கூடுதல் நிரல்; மூன்று சமக்குறி போட்டால் வெற்று ஸ்ட்ரிங்கும் ஃபால்ஸும் வேறு வேறு, அந்தச் சோதனை தவறிவிடும். அவ்வளவுதான். திட்டவில்லை, டிக்கெட்டை மூடவும் இல்லை. ஆனால் எனக்கு அது கதவைச் சாத்தியது மாதிரி இருந்தது, பதில் எழுதாமலே விலகிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே டிக்கெட் கமிட் ஆனதாக (மாற்றம் கோரில் சேர்ந்ததாக) மின்னஞ்சல். வேறொருவர் அந்த ஃபங்ஷனைத் தொடாமல், அதை அழைக்கும் இடத்தில் சரிபார்த்து, மூன்று டெஸ்டும் எழுதியிருந்தார். கமிட் குறிப்பில் நன்றி சொன்ன பெயர்களில் என்னுடையது முதலில் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கீழே என் பதில் இல்லாத இடம்தான் கண்ணில் பட்டது.

வெற்றுவரி:
என்னுடையது பிளகின். புதுப் பதிப்பு, இரவு 11 மணி. ரீட்மீயில் (விவரக் கோப்பில்) ஸ்டேபிள் டேக், அதாவது வெளியாகும் பதிப்பின் எண், மாற்றியாயிற்று, டேக் போட்டாயிற்று, கமிட் பண்ணிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஆதரவுப் பக்கத்தில் ஒரு அம்மா எழுதியிருந்தார்: "பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது, நான் எதையும் தொடவில்லை, நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?"

அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. புதிதாக எழுதிய ஒரு கோப்பை எஸ்விஎன்னில் (பிளகின் கோப்புகளை ஏற்றிவைக்கும் அமைப்பில்) சேர்க்கவே இல்லை. ஸ்டேட்டஸ் பார்த்தபோது அந்தக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி நின்றது, நான் அதைத் தாண்டிக் கீழே ஓட்டிவிட்டேன். என் கணினியில் கோப்பு இருந்ததால் எல்லாம் ஓடியது, மற்ற எல்லோருக்கும் அந்தக் கோப்பை அழைக்கும் ரெக்வயர் வரியிலேயே நின்றுபோனது. அதே எண்ணில் திரும்பப் போட்டால் ஏற்கெனவே அப்டேட் செய்தவர்களுக்குப் போகாது, ஆகவே அடுத்த எண் கொடுத்து வெளியிட்டேன். 4 நிமிட வேலை. ஆனால் நிர்வாகப் பக்கமே திறக்காதவர் எப்படி அப்டேட் செய்வார்? வேர்ட்பிரஸ் 5.2 பதிப்பில் வந்த ரெக்கவரி மோட் (உடைந்த பிளகினை நிறுத்திவிட்டு நிர்வாகப் பக்கத்தைத் திறக்கும் வசதி) அப்போது இல்லை. ஒவ்வொருவருக்கும் எஃப்டிபியில் (சர்வரின் கோப்புகளை நேராகத் திறக்கும் வழியில்) போய் பிளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றி அதை நிறுத்தச் சொல்லிக்கொண்டே அன்று மாலை ஆகிவிட்டது.

கிளைவழி:
அரைப்புள்ளி, உங்களிடம் கேட்ட அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. "யாரோ ஒருவருடைய பிளகின் உடையுமே" என்ற பயத்தில் எத்தனை நாள் இருப்பது? 2019 மே மாதம் தன் 5.2 பதிப்பு வரும்வரை வேர்ட்பிரஸ், அது எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் 5.2.4-ஐயும் ஏற்றுக்கொண்டது. அந்த பிஎச்பி வரிசைக்கு 2011-லேயே ஆதரவு நின்றுவிட்டது. அத்தனை வருடமும் கோரில் பிஎச்பியில் பிறகு வந்த நேம்ஸ்பேஸ் வசதி கிடையாது, அரேயை (மதிப்புகளின் பட்டியலை) சதுர அடைப்புக்குறியில் எழுதக்கூட முடியாது. நான் வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான துருபலில் ஒரு மாட்யூல் (அங்கே பிளகினுக்கு அந்தப் பெயர்) வைத்திருந்தேன். 2015 நவம்பரில் அதன் 8-ஆம் பதிப்பு வந்தது, உள்ளே சிம்ஃபனி என்ற வேறு நிரல் தொகுப்பு, பழைய மாட்யூல் எதுவும் அப்படியே ஓடாது. மொத்தத்தையும் திரும்ப எழுதினேன். வலித்தது, உண்மை. ஆனால் எழுதி முடித்த நாளில் என் சொந்தக் கோடு எனக்கே முதல்முறையாகப் புரிந்தது. உடைக்க வேண்டியதை உடைக்கத்தான் வேண்டும்.

வெற்றுவரி:
கிளைவழி, உங்கள் மாட்யூலைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர் 8-க்கு வந்தார்கள்? துருபல் 7-க்கு ஆதரவு 2025 ஜனவரிவரை நீட்டிக்க வேண்டியிருந்தது, சும்மா இல்லை. உடைந்தால் உங்களுக்கும் எனக்கும் காரணம் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மூலநிரல்:
இந்தச் சண்டைக்குள் நான் வரவில்லை. என் கதை சின்னது. "திறந்த மூல மென்பொருள் பங்களிப்பு" என்று தலைப்பு வைத்தேன், வேர்ட்பிரஸ் கொடுத்த ஸ்லக் (பக்க முகவரியில் வரும் பெயர்) "திறந்த-மூல-மென்பொருள்-பங" என்று நின்றது. "ங்" இல்லை, புள்ளி போய் வெறும் "ங". ஒரு காகிதத்தில் எண்ணிப் பார்த்தேன். ஸ்லக்குக்கு டேட்டாபேஸில் 200 இடம். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக்குறியோடு 3 இடம், ஆக ஒரு குறிக்கு 9. துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. "பங" வரை 192 ஆகிவிட்டது, புள்ளி சேர்ந்தால் 201. ஒரே ஒரு இடம் அதிகம் என்பதால் அந்தப் புள்ளி போனது! எண்ணி முடித்தபோது உடம்பு சிலிர்த்தது. அதுவரை கோர் என்றால் யாரோ பெரியவர்கள் எழுதியது, அன்றுதான் அது நானும் படிக்கக்கூடிய கோடு என்று தெரிந்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேட்ச் எழுதுவதில் தொடங்காதீர்கள். டிராக்கில் (வேர்ட்பிரஸ் டிக்கெட்டுகள் இருக்கும் தளத்தில்) பேட்ச் இருந்தும் சோதிக்க ஆள் இல்லாமல் கிடக்கும் டிக்கெட்டுகளுக்குப் போங்கள். முதலில் பேட்ச் இல்லாமல் அந்தப் பிழையை வரவழையுங்கள், வராவிட்டால் அதையே எழுதுங்கள், அதுவும் உதவிதான். அப்புறம் பேட்ச் போட்டுப் பாருங்கள். எந்த பிஎச்பி, எந்த பிரவுசர், எந்த தீம், என்ன செய்தீர்கள், முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வந்தது, இவ்வளவும் எழுதினால் கமிட் செய்பவருக்குப் பாதி வேலை குறையும். கணினியில் எதுவும் நிறுவ முடியாதவர்களுக்கு பிரவுசரிலேயே ஓடும் பிளேகிரவுண்ட் என்ற சோதனை வேர்ட்பிரஸ் இருக்கிறது. டிக்கெட்டின் பழைய உரையாடலை முழுக்கப் படியுங்கள், 8 வருடத்துக்கு முந்தையது என்றாலும். நீங்கள் இப்போது சொல்லப்போகும் யோசனையை ஒருவர் ஏற்கெனவே சொல்லி, அது ஏன் ஓடாது என்று இன்னொருவர் விளக்கியிருப்பார். பேட்சுக்குள் போகிற போக்கில் இடைவெளிகளைச் சரிசெய்யாதீர்கள், படிப்பவருக்கு எது உண்மையான மாற்றம் என்றே தெரியாது. கேள்வி கேட்டால், தெரியாவிட்டாலும், "தெரியவில்லை, பார்க்கிறேன்" என்றாவது எழுதுங்கள்.

அரைப்புள்ளி:
மூலநிரல், அந்தக் கடைசி வரியை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிளைவழி, உங்களுக்கு ஒரு பதில். டிக்கெட் மூடிய பிறகு அந்த ஃபங்ஷனின் பெயரை வைத்து என் வன்தட்டு முழுக்கத் தேடினேன், யார்தான் அப்படி எழுதுவார்கள் பார்ப்போம் என்று. ஒரு வாடிக்கையாளருக்கு நான் எழுதிக் கொடுத்த பிளகின், இரண்டு இடம், மூன்று சமக்குறி, ஃபால்ஸ். அந்தத் தளம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.