முயலுக்குப் புல்லே சோறு: சென்னையில் முயல் வளர்ப்போரின் அனுபவங்கள்

அயனாவரத்திலிருந்து:

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த குடும்பத்தினர் பெங்களூருக்கு மாற்றலாகிச் சென்றபோது, பிள்ளைகள் வளர்த்துவந்த வெள்ளை முயலை எங்களிடம் ஒப்படைத்தனர். அதனுடன் வந்த பையில் கேரட், பெல்லட் எனப்படும் குச்சித் தீவனம், பாதி தீர்ந்த பிஸ்கட் பாக்கெட் ஆகியவை இருந்தன. ஒரு பிடி புல்கூட இல்லை. முயல் பார்ப்பதற்குக் கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஆனால் அதன் பின்பக்க ரோமத்தில் சாணம் களிபோல் ஒட்டிக் காய்ந்திருந்தது. தாடைக்குக் கீழே எப்போதும் எச்சில் ஈரம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, கடைவாய்ப் பற்கள் முள்போல் வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருப்பதை மருத்துவர் காட்டினார். மயக்க மருந்து கொடுத்து அவற்றைத் தேய்த்துச் சரிசெய்தார்கள்.

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. வெட்டுப்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். மணிக்கணக்கில் புல்லை அரைத்துத் தின்றால்தான் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து அளவோடு நிற்கும்; பிஸ்கட்டும் பெல்லட்டும் நான்கு கடியில் நொறுங்கிவிடுவதால் பல்லுக்கு வேலையே இல்லாமல் போகிறது. குடலின் கதையும் இதுதான். சிறுகுடல் முடியுமிடத்தில் உள்ள பெரிய பையில் நுண்ணுயிரிகள் உணவை நொதிக்கவைக்கின்றன. அங்கிருந்து திராட்சைக் கொத்துபோல் மென்மையாக வெளிவரும் ஒருவகைப் புழுக்கையை முயல் தன் வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும். இதைக் கண்டு அருவருத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வாறு அடிப்பது தவறு. வைட்டமின்களையும் புரதத்தையும் முயல் அந்த வழியில்தான் மீட்டுக்கொள்கிறது. மாவும் சர்க்கரையும் மிகுந்து நார் குறைந்தால் இந்த மென்புழுக்கை தேவைக்கு மேல் உண்டாகி, தின்னப்படாமல் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்களிடம் வந்த முயலுக்கு நேர்ந்தது அதுவே.

ஆகவே எங்கள் வீட்டில் புல்தான் சோறு, மற்றவையெல்லாம் தொட்டுக்கொள்ள. முயலின் உடல் பருமன் அளவுக்குக் காய்ந்த புல் நாள்தோறும் அதன் எதிரில் இருக்கும். தீர்ந்தால் மேலும் வைப்போம். காலையும் மாலையும் ஒரு கைப்பிடிக் கீரை. கிலோ எடைக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற கணக்கில் பெல்லட். கேரட் என்பது வாரத்தில் ஓரிரு நாள் கிடைக்கும் மெல்லிய வில்லை மட்டுமே. இந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்துவிடக் கூடாது என்று மருத்துவர் வலியுறுத்தியதால், பெல்லட்டைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்தோம். தொடக்கத்தில் புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொத்தமல்லித் தழையைப் புல்லுக்குள் ஒளித்துவைத்தபோது, அதைத் தேடும் சாக்கில் புல்லையும் தின்னப் பழகியது.

சென்னையில் நல்ல புல் கிடைப்பதுதான் சிரமம். வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்தி உலர்புல்லைச் செல்லப்பிராணிக் கடைகளில் வாங்கலாம்; விலை கையைக் கடிக்கும். பிள்ளையார் கோவில் வாசலில் விற்கும் அருகம்புல்லை முயல் விரும்பித் தின்னும். ஆனால் எங்கே அறுத்தது என்று பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வாங்குகிறேன். சாலையோரப் புல்லில் நாய் மூத்திரமும் கொசு மருந்தும் படிந்திருக்க வாய்ப்பு உண்டு. மாதவரம் பக்கம் மாடு வளர்க்கும் ஒருவரிடம் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணைகள் வாங்கி, மொட்டைமாடியில் பைகளில் நட்டிருக்கிறோம். அறுக்க அறுக்கத் தழைக்கிறது. அறுத்ததை நிழலில் பரப்பி வாட்டி வைக்கிறோம். குவித்துவைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். முள்ளங்கித் தழை, கேரட் தழை, புதினா ஆகியவற்றைக் காய்கறிக் கடைக்காரரே எடுத்துவைத்துத் தருகிறார். அகத்தியும், வேலிமசால், குதிரைமசால் ஆகிய தீவனச் செடிகளும் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிகுந்தவை. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளுக்கு நல்லவை, வளர்ந்த முயலுக்கு எப்போதாவது கொஞ்சம் போதும். மிகுதியான சுண்ணாம்பை முயல் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், நாளடைவில் அது சுண்ணாம்புக் குழம்புபோல் வெளியேறி உபாதை தரக்கூடும். சிறுநீர் சில நாள் செந்நிறமாக இருப்பது பெரும்பாலும் தழைகளின் நிறமிகளால்தான். ஆனால் முக்கி முக்கிக் கழித்தாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வைக்கோலைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். கீழே விரிக்க நல்லது. உணவாக அதில் சத்து போதாது.

வேளச்சேரியிலிருந்து:

அயனாவரத்துச் சகோதரி எழுதியவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் கத்திரி வெயில் காலத்தில் எவ்வளவு நல்ல புல்லை வைத்தாலும் முயல் தின்னாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முயலுக்கு வியர்க்காது, காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. வெப்பநிலை 30 டிகிரியைக் கடந்தாலே அதற்குத் தொல்லைதான். நம் ஊரிலோ மே மாதத்தில் அது 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது, கடற்காற்று தாமதமாக வரும் நாள்களில் அறைக்குள் உட்கார முடிவதில்லை.

எங்கள் முயல்களைக் கூண்டில் அடைக்காமல், வடக்குப் பார்த்த அறையில் கடப்பா கல் பலகை ஒன்றைத் தரையில் போட்டு விட்டிருக்கிறோம். மின்சாரம் தடைப்படும் பிற்பகல்களுக்காக, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டில்களைத் துணியில் சுற்றி வைப்போம். முயல் தானாகவே வந்து அதன் மேல் சாய்ந்துகொள்ளும். மூச்சு வாங்கினாலோ காதுகள் கொதித்தாலோ ஈரத் துணியால் காதுகளைத் துடைத்துவிட்டு உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். பதற்றத்தில் சிலர் முயலைக் குளிர்ந்த நீரில் முக்குகிறார்கள். அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடக்கூடும். தண்ணீரை உறிஞ்சு குப்பியில் வைப்பதைவிடக் கனமான மண் கிண்ணத்தில் வைத்தால் கூடுதலாகக் குடிக்கிறது. முதன்மையான தீனியை இரவிலும் விடியலுக்கு முன்பும் போடுகிறோம். முயல் இயல்பாக நடமாடும் வேளையும் அதுதான்.

கொளத்தூரிலிருந்து:

இரண்டும் பெண் என்று சொல்லி என் தம்பிக்கு விற்கப்பட்ட முயல்களில் ஒன்று ஆண். இது மிகவும் பரவலாக நடப்பது. இளம் குட்டிகளில் பாலினம் அறிவது பழகிய கண்ணுக்கே கடினம். கருத்தரித்து ஏறத்தாழ 31 நாள்களில், பெண் முயல் தன் மார்பு ரோமத்தைப் பிடுங்கிக் கூடமைத்துக் குட்டிகளை ஈன்றது. அதன் பிறகு அது குட்டிகளின் பக்கமே போகாமல் அறையின் மறுமூலையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டு, தாய் கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்டிய என் அம்மா பசும்பாலும் பஞ்சுமாகத் தயாராகிவிட்டார். முயல் நாளுக்கு ஓரிரு முறை, அதுவும் சில நிமிடங்களே பால் கொடுக்கும். மற்ற நேரம் கூட்டிலிருந்து விலகியே இருக்கும். குட்டிகளின் வயிறு உருண்டு, தோல் சுருக்கமின்றி இருக்கிறதா என்று காலையில் ஒருமுறை பார்த்தால் போதும். பசும்பால் அந்தக் குட்டிகளின் வயிற்றுக்கு ஒவ்வாது என்று அம்மாவை நம்பவைப்பதுதான் அன்று பெரும்பாடாக இருந்தது.

பால் கொடுக்கும் நாள்களில் மட்டும் மேலே சொன்ன அளவுகள் பொருந்தா. தாய்க்குப் பெல்லட்டையும் குதிரைமசாலையும் தாராளமாகக் கொடுக்கலாம், தண்ணீர் ஒரு வேளைகூடத் தீரக் கூடாது. ஈன்ற அன்றே அது மீண்டும் சினையாகக்கூடும் என்பதால் ஆணை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். பின்னர் எங்கள் முயல்கள் இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்துவிட்டோம். கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பைப் புற்று வருவது அதிகம்.

பெரம்பூரிலிருந்து:

மருந்துகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் தெருவில் ஒருவர், வீட்டு நாய்க்கு உண்ணிக்காக வாங்கிய ஃபிப்ரோனில் மருந்தை, சொறி வந்த முயலுக்கும் தடவினார். முயலுக்கு வலிப்பு கண்டு அது பிழைக்கவில்லை. நாய்க்கும் பூனைக்கும் பாதுகாப்பான அந்த மருந்து முயலுக்கு நஞ்சு. அவ்வாறே, நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் அமாக்ஸிசிலினை வாய்வழி கொடுத்தால், குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து முயல் இறக்க நேரிடும். வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் முயலிடம் வேண்டவே வேண்டாம்.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றுவிட்டால் உள்ளே இருப்பது அங்கேயே தங்கி வாயு சேரும். அரை நாள் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது அவசர நிலை. தீபாவளிக்கு மறுநாள் எங்கள் முயலுக்கு இவ்வாறு நேர்ந்தது. வெடிச்சத்தத்தில் இரவெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கியிருந்தது; விடிந்து பார்த்தால் வைத்த புல் வைத்தபடி இருந்தது, தட்டில் கடுகளவுப் புழுக்கைகள் இரண்டொன்றே கிடந்தன. மருத்துவர் வலிக்கு ஊசி போட்டு, தோலுக்கு அடியில் நீர் ஏற்றி, கரைத்த தீவனத்தைச் சிரிஞ்சால் சிறிது சிறிதாகப் புகட்டினார். மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அன்றைய புழுக்கையைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துச் செல்லுங்கள். அதன் அளவையும் ஈரத்தையும் வைத்தே மருத்துவர் பாதி கணித்துவிடுவார். ஜோடியாக வளர்ந்த முயல் என்றால் மற்றதையும் அதே கூடையில் கூட்டிச்செல்வது நல்லது, தனியாகப் போனால் மிரட்சி கூடும். வீட்டுப் புல்லிலும் ஒரு கட்டு கூடவே போகட்டும்; அறியாத இடத்தில் முயல் அறிந்த புல்லைத்தான் தொடும்.