பிஸ்கட்டில் சோப்பு வாசனை, சுவரோரம் தேதி முடியப்போகும் பெட்டிகள்: குடோனை எப்படி அடுக்குவது?

திண்டுக்கல்_ஏஜென்சி:
வணக்கம். எட்டு மாதமாக ஒரு பிஸ்கட் கம்பெனிக்கும் ஒரு சோப்பு கம்பெனிக்கும் ஸ்டாக்கிஸ்ட், அதாவது அவர்கள் சரக்கை வாங்கி வைத்துக் கடைகளுக்குப் போடுபவன். குடோன் 900 சதுர அடிதான். 25-ஆம் தேதி தாண்டினால் போதும், டார்கெட் என்று சொல்லி ஏரியா ஆபிசர் கேட்காத சரக்கையும் பில் போட்டு அனுப்பிவிடுகிறார், வேறு வழியில்லாமல் வாசல் வரை அடுக்குகிறோம். போன வாரம் ஒரு கடையில் பிஸ்கட்டில் சோப்பு வாசனை அடிக்கிறது என்று இரண்டு பெட்டியைத் திருப்பிவிட்டார்கள். அது போதாதென்று சுவரோரம் 14 பெட்டி க்ரீம் பிஸ்கட், தேதி முடிய 20 நாள்தான் இருக்கிறது. முதலில் வந்ததைத்தான் முதலில் அனுப்புகிறோம், அப்புறம் எப்படி இது?

பழைய_லைன்காரன்:
தம்பி, வந்த வரிசையை நம்பினால் இப்படித்தான் ஆகும். டிப்போவிலிருந்து இன்று வரும் லாரியில் போன மாதம் வந்ததைவிடப் பழைய லாட் இருக்கும், எனக்கே பலமுறை நடந்திருக்கிறது. பெட்டியில் அச்சடித்த தேதியைப் பார்த்து அடுக்குங்கள். நாங்கள் சரக்கு இறக்கும்போதே முடியும் மாதத்தை மார்க்கரால் நடைபாதைப் பக்கம் பெரிதாக எழுதிவிடுவோம், 3 என்றால் மார்ச், அவ்வளவுதான். லோடுமேன் பொடி எழுத்தைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். சோப்பை அடுத்த அறைக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் தடுப்பாவது போடுங்கள். பிஸ்கட் வாசனையை இழுக்கும், டீத்தூள் அதைவிட மோசம். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் எலி வந்ததும் தெரியும்.

கணக்கு_பார்ப்பவன்:
தேதி முடியும்வரை காத்திருக்காதீர்கள், இன்றே பெட்டி எண்ணிக்கையைப் படத்தோடு கம்பெனிக்கு மெயில் போடுங்கள். வாயால் சொன்ன கிளெய்ம் எதுவும் நிற்காது. அவர்கள் திரும்ப எடுத்து கிரெடிட் நோட் (அந்தத் தொகையை உங்கள் கணக்கில் கழிக்கும் சீட்டு) கொடுத்தால் சரி. நீங்களே அழித்தால் ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) படி எடுத்த இன்புட் கிரெடிட்டை, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்குக் கழித்துக்கொண்டதை, திருப்பிக் கட்ட வேண்டும். பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18% போய் 5% ஆகிவிட்டதால் அடி கொஞ்சம் குறைவு.

மளிகைக்கடை:
நான் எதிர்ப்பக்கம், கடைக்காரன். திடீரென்று பெரிய ஸ்கீம் (தள்ளுபடி) வந்தால் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். மறைத்துத் தள்ளிவிட்டு அடுத்த மாதம் ரிட்டர்ன் எடுக்க மாட்டேன் என்கிற சேல்ஸ்மேனால்தான் சண்டையே வருகிறது. 20 நாள் சரக்கு என்று சொல்லியே விலை குறைத்துக் கொடுங்கள், பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் அரைப் பெட்டி அரைப் பெட்டியாகப் போடுங்கள். நாலு நாளில் ஓடிவிடும்.

திண்டுக்கல்_ஏஜென்சி:
இப்போதுதான் எல்லாவற்றையும் நகர்த்திப் பார்த்தேன். 14 இல்லை, 17 பெட்டி. அடியில் இருந்த மூன்றும் எனக்கு நினைவே இல்லை, அதில் ஒன்றை எலி மூலையில் ஓட்டை போட்டு உள்ளே குடியே இருந்திருக்கிறது. மெயில் போட்டுவிட்டேன். நல்ல பெட்டிகள் நாளைக் காலை முதல் வண்டியில் டீக்கடை லைனுக்குப் போகின்றன. அண்ணே, அந்தத் தடுப்புக்கு பிளைவுட் போதுமா, இல்லை சுவரே எழுப்ப வேண்டுமா?