24 பட்டங்களும் லேவர் ஆடாத 21 போட்டிகளும்

அண்ணன்: ஆண்கள் டென்னிஸில் எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார் என்ற கேள்விக்கு இனி விடை தேட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். 24 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள், தரவரிசையில் 428 வாரங்கள் முதலிடம், ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற அந்த நான்கு பெரிய போட்டிகளிலும் குறைந்தது மூன்று முறை வெற்றி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் என்று ஜோகோவிச் விட்டுவைத்தது எதுவுமில்லை. நேருக்கு நேர் ஆட்டங்களிலும் நடாலை 31-29 என்றும் ஃபெடரரை 27-23 என்றும் முந்தியிருக்கிறார். இதற்கு மேல் ஒருவர் என்னதான் செய்ய வேண்டும்?

பெரியப்பா: தம்பி, நீ சொன்ன எண்கள் அத்தனையும் சரிதான், ஆனால் அவற்றை வைத்து 1960களை அளக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் ராட் லேவர் 1962 இல் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற கையோடு தொழில்முறை ஆட்டக்காரரானார். பணத்துக்காக ஆடுபவர்கள் விம்பிள்டன் உள்ளிட்ட அந்த நான்கு போட்டிகளில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. 1968 இல் அந்தத் தடை நீங்குவதற்குள் 21 கிராண்ட் ஸ்லாம் போட்டிகள் அவர் இல்லாமலேயே நடந்து முடிந்துவிட்டன. அப்போது அவருக்கு வயது 24 முதல் 29 வரை, அதாவது ஒரு டென்னிஸ் வீரரின் உடலும் அறிவும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள். அவருடைய 11 பட்டங்களை உன்னுடைய 24 க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமா?

அண்ணன்: பெரியப்பா, அதே தடையைப் பற்றி நானும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 1962 இல் லேவர் வென்றபோது ரோஸ்வால், கொன்சாலஸ், லூ ஹோட் போன்றவர்கள் தொழில்முறைக்குப் போய்விட்டதால் எதிரில் இல்லை. அடுத்த ஆண்டு அவரும் அங்கே போனபோது, தொடக்கத்தில் ரோஸ்வாலிடமும் ஹோடிடமும் வரிசையாகத் தோற்றார். அப்படியென்றால் அந்த 1962 ஆம் ஆண்டின் நான்கு பட்டங்களுக்கு முழு மதிப்பு கொடுக்கலாமா?

பெரியப்பா: கொடுக்க முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நான் 1969 ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆண்டு எல்லோருக்கும் வழி திறந்திருந்தது. பிரெஞ்சு ஓபன் இறுதியில் ரோஸ்வாலையும் விம்பிள்டனில் நியூகோம்பையும் அமெரிக்க ஓபனில் டோனி ரோச்சையும் அவர் வென்றார். ஆண்டின் முதல் போட்டியான ஆஸ்திரேலிய ஓபனின் அரையிறுதியைப் பார். அங்கும் எதிரில் ரோச்தான், ஸ்கோர் 7-5, 22-20, 9-11, 1-6, 6-3. சமனில் நிற்கும் செட்டை முடித்துவைக்கும் டை-பிரேக் இல்லாத காலம் என்பதால் இரண்டாவது செட் மட்டுமே 42 கேம்கள் நீண்டது. கடும் வெயிலில் மொத்தம் 90 கேம்கள் ஆடி, நான்காவது செட்டை 1-6 என்று பறிகொடுத்த பிறகும் ஐந்தாவதை எடுத்தார். அன்று அவர் தோற்றிருந்தால் அந்த ஆண்டைப் பற்றி இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

நான்: பட்டங்களை எண்ணுவது பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. சாம்ப்ராஸ் 2000 ஆம் ஆண்டு விம்பிள்டனில் முந்தும்வரை, ஆண்களில் அதிக கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வைத்திருந்தவர் 12 பட்டங்களுடன் ராய் எமர்சன். அத்தனை ஆண்டுகள் சாதனை அவர் பெயரில் இருந்தும், லேவருக்கு மேலாக எமர்சனை வைத்தவர்கள் மிகச் சிலரே. தொழில்முறை வீரர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் வென்ற பட்டங்கள் அவை என்பது டென்னிஸை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எண்ணிக்கையே தீர்ப்பு என்ற வழக்கம், ஃபெடரர் சாம்ப்ராஸின் 14 ஐத் துரத்தத் தொடங்கிய பிறகுதான் நம்மிடையே வேரூன்றியது.

அத்தை: ஸ்வீடனின் பியோன் போர்க்கையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், அண்ணா. அவர் ஆஸ்திரேலிய ஓபனில் வாழ்நாளிலேயே ஒரே ஒரு முறை, 1974 இல்தான் ஆடினார். அந்தக் காலத்தில் அந்தப் போட்டிக்காக அவ்வளவு தூரம் பயணம் செய்வதை முன்னணி வீரர்கள் பலரும் அவசியமாகக் கருதவில்லை. ஆண்டுக்கு மூன்றே வாய்ப்புகளோடு, 26 வயதில் ஓய்வை அறிவிப்பதற்குள் 11 பட்டங்கள் வென்றார். 1978 முதல் 1980 வரை மூன்று ஆண்டுகளும் பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனின் களிமண் தரையில் வென்றுவிட்டு, சில வாரங்களுக்குள் விம்பிள்டன் புல்தரையிலும் வென்றாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சித்தப்பா: களிமண் தரை என்றதும் நடாலைச் சொல்லாமல் விட முடியாது. பிரெஞ்சு ஓபனில் 14 பட்டங்கள், 112 வெற்றிகள், நான்கே தோல்விகள்.

அண்ணன்: சித்தப்பா, அவருடைய 22 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் 14 ஒரே இடத்தில் வந்தவை என்பதையும் பார்க்க வேண்டாமா?

சித்தப்பா: பார்க்கலாமே. மிச்சமிருக்கும் எட்டில் விம்பிள்டன் இரண்டு, ஆஸ்திரேலிய ஓபன் இரண்டு, அமெரிக்க ஓபன் நான்கு. பாரிஸில் அவர் ஒரு முறைகூட ஆடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், அகாசி தம் வாழ்நாள் முழுவதும் ஆடிச் சேர்த்த எட்டுக்கு அது சமம்.

நான்: தரைகளைப் பற்றிப் பேசும்போது இதையும் கவனிக்க வேண்டும். 1969 இல் லேவருக்குப் பிறகு, நான்கு போட்டிகளையும் வென்ற ஆண் வீரர் என்று சொல்ல 1999 இல் அகாசி வரும்வரை 30 ஆண்டுகள் ஒருவரும் இல்லை. போர்க்கால் அமெரிக்க ஓபனை வெல்ல முடியவில்லை, சாம்ப்ராஸ் பாரிஸில் அரையிறுதியைத் தாண்டவில்லை. பிறகு 2009 இல் ஃபெடரர், 2010 இல் நடால், 2016 இல் ஜோகோவிச் என்று ஏழே ஆண்டுகளில் மூவர் அதைச் செய்துவிட்டார்கள். மூவரும் அபூர்வமானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 2001 இல் விம்பிள்டன் தன் புல்லை முழுக்க ரை வகைக்கு மாற்றியதிலிருந்து பந்து முன்பைவிட உயர்ந்து எழும்புகிறது. மட்டைகளில் பாலியஸ்டர் நரம்புகள் வந்த பிறகு, பந்துக்கு வேண்டிய அளவு சுழற்சி கொடுத்து எந்தத் தரையிலும் பின்கோட்டிலிருந்தே ஆட முடிகிறது. சாம்ப்ராஸ் காலத்தில் சர்வீஸ் போட்டவுடன் வலையை நோக்கி ஓடியவர்கள் ஆண்ட புல்தரையில், 2002 இறுதிப்போட்டியை ஆடிய ஹியூவிட், நல்பாண்டியன் இருவருமே பின்கோட்டு ஆட்டக்காரர்கள். ஒரே ஆட்டமுறையை வைத்துக்கொண்டு நான்கு இடங்களிலும் வெல்ல இன்று வழியிருக்கிறது. போர்க்குக்கு அந்த வழி இல்லை, மரமட்டையோடு இரண்டு வாரங்களில் தம் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

அண்ணன்: நீ சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்தத் தரையும் அந்த நரம்பும் ஜோகோவிச்சுக்கு மட்டும் கிடைத்தவை அல்ல. அதே வசதிகளோடு ஃபெடரரும் நடாலும் எதிரில் நிற்கும்போதுதான் அவர் 24 க்கு வந்தார்.

அத்தை: அதை நான் மறுக்க மாட்டேன், ஏனென்றால் 2019 விம்பிள்டன் இறுதிப்போட்டியை ஒரு பந்து விடாமல் பார்த்தவள் நான். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, சர்வீஸ் ஃபெடரர் கையில். பட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி வேண்டும், வாய்ப்புகளோ இரண்டு. முதலாவதில் அவருடைய ஃபோர்ஹேண்ட் கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவதில் அவர் வலையை நோக்கி முன்னேற, ஜோகோவிச் அவரைக் கடந்து குறுக்காக ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்தார். அந்தப் பந்து தரையில் பட்ட கணத்தில் என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்தபோது ஃபெடரர் எடுத்திருந்த புள்ளிகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. 14 புள்ளிகள் கூடுதலாக எடுத்தவர் தோற்றார், ஏனென்றால் மூன்று டை-பிரேக்குகளையும் எடுத்தவர் ஜோகோவிச். அழகு என்று கேட்டால் ஃபெடரரின் ஒற்றைக்கை பேக்ஹேண்டைத்தான் நான் என்றும் சொல்வேன், ஆனால் நெருக்கடியில் கை நடுங்காதவர் யார் என்று கேட்டால் என் மனம் விரும்பாத பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தப்பா: அக்கா வாயிலிருந்தே இது வந்த பிறகு நான் என்ன வாதாடுவது? களிமண் தரையை மட்டும் நடாலுக்கு விட்டுக்கொடுங்கள், மற்றதை ஜோகோவிச்சுக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: 1968 க்குப் பிந்திய காலம் முழுவதற்கும் ஒரே பெயர் வேண்டும் என்றால் நானும் ஜோகோவிச் என்றுதான் சொல்வேன், எல்லாத் தரைகளிலும் இத்தனை ஆண்டுகள் இத்தனை நிறைவாக ஆடிய வேறொருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் லேவருக்கு மேல் அவரை வைக்க என் கை வரவில்லை. 2021 இல் ஜோகோவிச் முதல் மூன்று போட்டிகளையும் வென்று, அமெரிக்க ஓபனின் இறுதிக்கும் வந்துவிட்டார். 1969 க்குப் பிறகு எந்த ஆணும் ஓர் ஆண்டில் நான்கையும் வென்றதில்லை, அவருக்குத் தேவைப்பட்டதோ இன்னும் ஒரே ஒரு வெற்றி. அன்று மெத்வதேவ் 6-4, 6-4, 6-4 என்று வென்றார். கடைசி செட்டில் 4-5 என்ற நிலையில் ஓய்வுக்காக நாற்காலியில் அமர்ந்த ஜோகோவிச், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். லேவர் அன்று அதே அரங்கில், பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன்: அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன், பெரியப்பா. 1969 ஐப் பொறுத்தவரை என்னிடம் பதில் இல்லை.